எண்பத்து நான்கு கட்டங்கள்

அத்தியாயம் 17

போன வாரம் அவளை ப்ரிட்ஜ் முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். ஒரு கை ப்ரிட்ஜ் கதவில், இன்னொரு கை பிடரியில். மணி காலை ஐந்தே முக்கால். அவள் கண் விழிப்பதற்கு முன்பே தலைவலி விழித்துக்கொண்டு, கூடவே எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டது.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அவள் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை மேஜையில் வைத்து, விளக்கைக் கீழே இழுத்து, மெழுகில் பல் பல்லாக அடுக்குகிற வேலை. இருபத்திரண்டு வருஷம். முன்பல் வரிசையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று லேபில் அவளுக்குப் பேரே 'முன்பல்லக்கா'.

அந்த முன்பல்லக்கா ஆறு வாரத்துக்கு முன்னால், மண்டை பிளக்கிற வலியில், ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு இடது பக்கப் பல்லை வலது பக்கத்திலும் வலது பக்கப் பல்லை இடது பக்கத்திலும் வைத்து அனுப்பிவிட்டாள். வாத்தியார் திரும்பி வந்து, "நான் சிரிச்சா கண்ணாடியில வேற யாரோ சிரிக்கிறாங்க" என்றார்.

முதலாளியம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஆறு வாரம் டைம் தர்றேன். கழுத்துக்கு வைத்தியம் பண்ணு. இந்த மேஜையில உட்காரலாம்னு லெட்டர் வாங்கிட்டு வா. இல்லாட்டி முன்னால கவுண்டர்ல உட்கார்ந்து டெலிவரி பாரு. உன் நாற்காலிக்கு ஒரு பொண்ணு ரெடியா இருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

கண் பார்த்தாயிற்று, ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று, தலையைப் படம் எடுத்தும் பார்த்தாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறதாம். கழுத்துத் தசையும் தோள் தசையும் இறுகிப்போய் அதனால் வருகிற தலைவலி என்று டாக்டர் சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஐந்து ஸ்ட்ரெச்சிங் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளும் கொடுத்தார்கள். காலைக்கு ஒரு கட்டம், சாயங்காலத்துக்கு ஒரு கட்டம். ஆறு வாரத்துக்கு எண்பத்து நான்கு. செய்தால் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்தத் தாள்தான் ப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இன்றைக்குத்தான் ஆறாவது வாரத்தின் கடைசி நாள். பதினொரு மணிக்கு ரிவியூ.

தாளைப் பார்த்தவள், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்னங்க! இங்க வாங்க!"

டிரைவிங் மாஸ்டர் வந்தார். அவள் வீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யார் உயிரும் போகாமல் பார்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கத்தில் வீட்டில் யாராவது வேகமாக நடந்தால்கூட அவருடைய கால் தரையில் பிரேக் தேடும்.

"இன்னிக்கு சாயங்காலக் கட்டத்துல டிக் அடிச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"இன்னும் பொழுதே விடியலைங்க!"

"சாயங்காலம் எப்படியும் வரத்தானே போகுது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பேசினால் தலைக்குள் எதிரொலிக்கும் என்று பயம்.

"இதப் பாரு," என்றார் மாஸ்டர், கற்றுக்கொடுக்கிற குரலில். "எங்க ஸ்கூல்ல முப்பது கிளாஸ் கார்டு நிரம்பினாத்தான் டெஸ்டுக்கே அனுப்புவோம். ஒரு கட்டம் காலியா இருந்தா ஆபீசர் கண்ணு நேரா அங்கேதான் போகும். வண்டி ஓட்டத் தெரியுதாங்கிறதெல்லாம் அப்புறம்தான்."

"நான் என்ன காரா?"

"கோபப்படாதே. கோபப்பட்டா கழுத்து இறுகும்னு அந்த பிசியோ பொண்ணே சொல்லலையா?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வீட்டில் அதுவும் பொய். மாஸ்டருக்கும் கழுத்து வலிதான். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து மொத்த ஆளும் திரும்புவார். கேட்டால், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குள் மாடியிலிருந்து தடதடவென்று நாத்தனார் இறங்கி வந்தாள். மாஸ்டரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் வீட்டில் அவள் பேர் 'விசில்'. மாடி அறையில்தான் இருக்கிறாள், ஆனால் குரல் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"குட் மார்னிங் அண்ணி! ரிவியூ டே! நானும் ஹாஃப் டே லீவு போட்டுட்டேன்!"

"உன்னை யாரு போடச் சொன்னா?"

"டீம் போறப்ப கோச் போக வேண்டாமா?"

அப்பப்பா. இந்தக் கோச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இவள்தான் காலையும் மாலையும் அண்ணியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, விசில் ஊதி, ஸ்ட்ரெச்சிங் செய்ய வைத்தாள். 'ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!' கழுத்து இடது, வலது, இடது, வலது. ஆறாம் நாள் காலை அண்ணிக்குத் தலைவலியோடு தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. தலைவலி போய் திருகுவலி வந்த கதை. பதினொரு தடவையோடு அந்தக் கூத்து முடிந்தது.

செய்வதுதான் முடிந்தது. டிக் முடியவில்லை.

"இந்தச் சிவப்பு டிக்கெல்லாம் உன்னோடதுதானே?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா அண்ணி. அட்டெண்டன்ஸ்ல நடுவுல ஓட்டை விழுந்தா எங்க ஹெட்மாஸ்டர் மத்த பக்கமே பாக்க மாட்டாங்க. அந்த ஓட்டையையே பிடிச்சுக்குவாங்க. அதான் அங்கங்கே அடைச்சேன்."

தாளில் மூன்று நிறம். கறுப்பு மாஸ்டருடையது. சிவப்பு விசிலுடையது. நீலம் அவளுடையது.

நீலம் மட்டும் ஒழுங்கா என்று கேட்டுவிடாதீர்கள். முதல் பதினொன்று போக, மிச்ச நீலமெல்லாம் 'நாளைக்குச் சேர்த்துச் செஞ்சுடலாம்' என்று அவளே அடித்துக்கொண்டது. லேபிலிருந்து வந்ததும் அடுப்பு, பாத்திரம், துணி, நாளைய வேலை. தரையில் படுத்து நிமிர நேரம் எங்கே? ஒரு நாள் காலையில் பார்த்தால் கட்டம் தானாக நிரம்பியிருந்தது. யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது அவளை உறுத்துகிறது.

* * *

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிளம்பினார்கள். விசில் ஓட்டினாள். மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கோடு. அவள் பின்னால்.

"முன்னாடி சைக்கிள்!" மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். அவள் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

"அண்ணா, சைக்கிள் எதிர்ப்பக்கம் போகுது!"

"வளைவு!" மறுபடி பிரேக்.

"கழுத்து வலிக்காரியை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல கழுத்தை ஒடிச்சுட்டுப் போறீங்களா?" என்று அவள் கத்தினாள். கத்தியதில் வலது நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது.

பிசியோ டாக்டர் அவளைவிட இருபது வயது சின்னவள். நிதானமான பொண்ணு. அந்த நிதானமே அவளுக்கு எரிச்சல். அந்தப் பொண்ணு தோளைத் தொட்டுப் பார்த்தாள், பிடரியை அமுக்கிப் பார்த்தாள். முன்பல்லக்கா 'ஸ்ஸ்' என்றாள்.

"குறையவே இல்லையே அம்மா. போன தடவையைவிட இறுக்கமா இருக்கு. தாள் கொண்டு வந்தீங்களா?"

மாஸ்டர் முந்திக்கொண்டு நீட்டினார், பரீட்சைப் பேப்பர் மாதிரி.

அந்தப் பொண்ணு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"எண்பத்து நாலுக்கு எண்பத்து நாலு! நான் வேலைக்கு வந்து இந்த மாதிரி முழுசா நிரம்பின தாளைப் பாத்ததே இல்லை."

மாஸ்டர் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விசில் கட்டை விரலை உயர்த்தினாள்.

"ஆனா…" அந்தப் பொண்ணு தாளைக் கீழே வைத்தாள். "இவ்வளவு ஒழுங்கா செஞ்சும் குறையலேன்னா, ஸ்ட்ரெச்சிங் உங்களுக்குப் பத்தலைன்னுதான் அர்த்தம். குனிஞ்சு செய்யற வேலை தொடர்ந்தா இன்னும் மோசமாகும். உங்க லேபுக்கு லெட்டர் கேட்டிருந்தீங்க இல்ல? அந்த மேஜை வேலை வேண்டாம்னு எழுதறதுதான் நியாயம்னு எனக்குப் படுது."

பேனா மூடியைத் திறந்தாள்.

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

அவளுக்குக் கண் முன்னால் அந்த நாற்காலி வந்தது. ஒரு சக்கரம் கிறீச்சிடும். இடது கைப்பிடி தேய்ந்து பளபளப்பாக இருக்கும். எத்தனை பேர் அந்த நாற்காலியில் உருவான பல்லை மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள், போட்டோ எடுத்திருக்கிறார்கள், முறுக்கு முறுக்காகக் கடித்திருக்கிறார்கள். கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கிழிக்கவா இருபத்திரண்டு வருஷம்?

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். அதுவும் யாரால்? முழுப் பூசணிக்காயை மூன்று பேரும் சேர்ந்து சோற்றில் மறைத்து வைத்ததால்.

"டாக்டர், பேனாவை வைங்க."

"என்னம்மா?"

"நான் செய்யலை."

"எதைச் செய்யலை?"

"இதைத்தான். பதினோரு தடவை செஞ்சேன். மிச்சமெல்லாம் வெறும் டிக். நீலம் என்னுது. கறுப்பு அவர் அடிச்சது. சிவப்பு இவ அடிச்சது. இன்னிக்கு சாயங்காலத்துக்கும் சேர்த்து அடிச்சாச்சு, பாத்துக்குங்க."

மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். விசில் தன் விசிலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

அந்த நிதானமான பொண்ணுக்கும் நிதானம் போயிற்று. "ஏன்ம்மா, உங்க கழுத்துக்கு உங்க வீடே சேர்ந்து கள்ளக் கையெழுத்துப் போடுமா? நான் இதைச் சுவத்துல ஒட்டலாம்னு நினைச்சேன்!"

"ஒட்டுங்க. எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்."

"சரி, அந்தப் பதினொண்ணையாவது எப்படிச் செஞ்சீங்க? காட்டுங்க."

அவள் எழுந்து நின்றாள். நின்றதுதான் தாமதம், விசிலுக்குப் பழக்க தோஷம். "ரெடி… ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!" அவள் கழுத்து இடது, வலது, இடது, வலது என்று வெட்டி வெட்டித் திரும்பியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" அந்தப் பொண்ணு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "இது ஸ்ட்ரெச்சிங்கா? யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு!"

"எங்க ஸ்கூல்ல இருநூறு பசங்க இப்படித்தான் செய்யறாங்க," என்றாள் விசில்.

"அவங்களுக்குப் பத்து வயசு. உங்க அண்ணி இருபத்திரண்டு வருஷமா குனிஞ்சவங்க. இழுத்தா இறுகும். விட்டாத்தான் இளகும்."

அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். வலது காது வலது தோளை நோக்கிச் சாயட்டும், தோள் மேலே வரக் கூடாது, கையால் இழுக்கக் கூடாது, தலையின் கனமே போதும். வலித்தால் நிறுத்த வேண்டும். மூச்சு விட்டுக்கொண்டே முப்பது எண்ண வேண்டும்.

அவள் எண்ண ஆரம்பித்தாள். பதினைந்தாவது எண்ணில் அந்தப் பொண்ணு அவள் தாடையின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"இங்கேயும் கல்லு மாதிரி இருக்கே. இப்ப உங்க மேல்பல்லும் கீழ்பல்லும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருக்கா?"

தொட்டுக்கொண்டா? அவள் கவனித்தாள். கடித்துக்கொண்டிருந்தாள். இறுக்கி, நெரித்து, யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

அவளுக்கு அப்போது வந்த கோபம் வேறு யார்மேலும் இல்லை. வாய் சும்மா இருக்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் தொடவே கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் பல்செட் செய்தால், போட்டுக்கொள்கிறவருக்கு நாள் பூரா தாடை நோகும், காதோரம் வலிக்கும், தலை இடிக்கும். இதை லேபுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித் திட்டுகிறவள் அவள்தான். 'இடைவெளி விடு, இடைவெளி விடுன்னு எத்தனை தடவை சொல்றது? கட்டிப்போட்ட வாயா அது?'

"ஊருக்கெல்லாம் அளந்து அளந்து இடம் விட்டேன் டாக்டர்," என்றாள். "என் வாயில விடலை."

உதட்டை மூடிக்கொண்டு, பற்களை மட்டும் பிரித்தாள். இரண்டு மில்லி. கணக்காக அவளுக்குத் தெரியும். காதுக்கு மேலே ஏதோ ஒரு முடிச்சு லேசாக அவிழ்ந்தது. வலி போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

"இப்ப நல்லபடியா லெட்டர் எழுதித் தருவீங்களா மேடம்?" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"பொய் எழுத மாட்டேன் சார். நடந்ததை எழுதித் தர்றேன். வேணும்னா கொடுங்க, வேண்டாட்டி கிழிச்சுப் போடுங்க."

* * *

கடிதம் நான்கே வரி. 'இவர் ஆறு வாரப் பயிற்சியைச் செய்யவில்லை. எனவே பலன் உண்டா இல்லையா என்று சொல்ல இயலாது. சரியாகச் செய்தால் இன்னும் ஆறு வாரத்தில் தெரியும். மேஜையில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்க வேண்டும்.'

காரில் மாஸ்டர் அதை மூன்று தடவை படித்தார்.

"இதைக் கொடுத்தா நேரா கவுண்டர்தான். செய்யவில்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கா. பேசாம வேற ஒரு டாக்டர்கிட்டப் போயி…"

"அங்கே என்ன கலர்ல டிக் அடிக்கப் போறீங்க?"

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"என் நல்லதுக்கு நீங்க பண்ணதெல்லாம் போதும்! என் கழுத்து என்ன பொதுச் சொத்தா? ஆளாளுக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறீங்க. ஒரு நாளாவது, 'அடுப்பை நான் பாத்துக்கறேன், நீ போய் பத்து நிமிஷம் படுத்துச் செய்'னு யாராவது சொன்னீங்களா? டிக் அடிக்க ஒரு செகண்டு. அதுக்கு மட்டும் க்யூவுல நின்னீங்க!"

முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதிக்கவில்லை. விசில்தான் மிதித்தாள்.

லேபில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேஜைகளில் விளக்கு மட்டும் எரிந்தது. மெழுகு வாசனையும் பிளாஸ்டர் அச்சு காய்கிற வாசனையும் கலந்து வந்தன. அவள் நாற்காலி மேல் புதிதாக ஒரு குஷன் இருந்தது. பூப்போட்டது. அவளுடையது இல்லை.

முதலாளியம்மா கடிதத்தைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஏன், உனக்குப் பைத்தியமா? செய்யலைன்னு நீயே எழுதி வாங்கிட்டு வந்திருக்கே?"

"வாத்தியார் பல்லை மாத்தி வச்சதையும் நான்தானே மேடம் ஒத்துக்கிட்டேன். இதையும் ஒத்துக்கறேன்."

"ஆறு வாரம் கொடுத்தேன். சும்மா போக்கிட்டே."

"ஆமா."

"இன்னும் ஆறு வாரம் கேக்கறே."

"கேக்கறேன். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பேன், அதையும் சொல்லிடறேன். எழுந்து கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பேன். பாக்கறவங்க சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு அந்த நாற்காலி வேணும் மேடம்." சொல்லி முடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

முதலாளியம்மா குஷனைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போ. அந்தப் புதுப் பொண்ணுக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கேன். ஏழு மணிக்குள்ள போன் பண்றேன்."

* * *

சாயங்காலம் ஆறரை. பழைய தாளைக் கழற்றி நான்காக மடித்து இழுப்பறையில் போட்டாள். பிசியோ பொண்ணு கொடுத்த புதுத் தாளை ப்ரிட்ஜில் ஒட்டினாள். எண்பத்து நான்கு கட்டமும் காலி.

"பேனாவைக் கொடுங்க."

"எந்தப் பேனா?" என்றார் மாஸ்டர்.

"கறுப்பு." விசில் பக்கம் திரும்பினாள். "உன்னோட சிவப்பும்."

இருவரும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்கள். இரண்டையும் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் திரும்புவதற்குள் மாஸ்டரே போய் அணைத்தார். அணைத்துவிட்டு அங்கேயே கரண்டியோடு நின்றார். என்ன செய்வதென்று தெரியாத மனுஷன், ஆனால் நகரவில்லை. "நீ செய். இதை நான் பாத்துக்கறேன்," என்றார், பாலைப் பார்த்தபடி.

அவள் சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை மேஜைமேல் வைத்தாள். பற்களைப் பிரித்தாள். வலது காதை வலது தோள் பக்கம் சாய்த்தாள்.

"அண்ணி, நான் எண்ணட்டுமா?" விசில் மெதுவாகத்தான் கேட்டாள்.

"வேண்டாம்."

ஒன்று. இரண்டு. மூச்சு வெளியே. மூன்று.

பன்னிரண்டு வரும்போது போன் அடித்தது. திரையில் முதலாளியம்மா.

"அண்ணி! போன்!"

பதிமூன்று.

"ஏய், அவங்கதான்! எடு!" மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

பதினைந்து. பதினாறு. போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

இருபத்திரண்டில் மணி நின்றது.

"அடிப்பாவி," என்றார் மாஸ்டர்.

இருபத்தொன்பது. முப்பது. தலையை மெல்ல நிமிர்த்தினாள். போன் மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"எங்கே போயிட்டே? நான் அடிக்கிறேன், எடுக்கவே இல்லை?"

"முப்பது எண்ணிக்கிட்டு இருந்தேன் மேடம்."

அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

"யாரு எண்ணினது?"

"நானேதான்."

"ம். திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா. மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி. உன்கிட்டத் தனியா பேசணும்." போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னாங்க? நாற்காலி இருக்கா, போச்சா?" மாஸ்டரும் விசிலும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பற்கள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தாள். பிறகு இடது காதை இடது தோள் பக்கம் சாய்த்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."